காட்டுக்குள் போகுமுன் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு அடையாறிலோ தி.நகரிலோ வேன் ஏறி மலையேற்றத்துக்குப் புறப்படும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், பணம் கட்டும்போது சாப்பாடு உண்டா, கூடாரம் உண்டா என்று விசாரிப்பவர்கள், வனத்துறை அனுமதி உண்டா என்றும் கேட்க வேண்டும். உயிர் காக்கும் கேள்வி அதுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சென்னையிலிருந்து போனவர்களும் அதில் அடக்கம். அவர்கள் உரிய அனுமதியின்றிப் போனதாக அரசு அப்போது கூறியது. காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. எங்கே தீ, எங்கே யானை நடமாட்டம் என்பது வனச்சரக அலுவலகத்துக்குத் தெரியும். எத்தனை பேர், எந்தப் பாதையில் போனார்கள் என்ற பதிவு இருந்தால்தான் மீட்க வருபவர்களுக்கும் தேடும் இடம் தெரியும்.

காடு எல்லோருக்கும் பொதுதானே, எதற்கு அனுமதி என்று சிலர் கேட்கிறார்கள். பொதுச்சொத்து என்பதாலேயே அதற்குக் காவல் வேண்டியிருக்கிறது. சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடையாறை ஒட்டிய கிண்டி தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். அனுமதிக் கட்டணம் அதிகம் என்ற குறையில் நியாயம் உண்டு. மாணவர்களுக்கு அது பாரம்தான். அதற்குத் தீர்வு கட்டணத்தைக் குறைக்கக் கோருவதே தவிர, திருட்டுத்தனமாக நுழைவதல்ல. குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளையும் அமர்த்தியது. தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும். அந்த நாட்களிலும் அழைத்துப் போகிறேன் என்பவரை நம்பக் கூடாது.

'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்று எழுதி வாங்கிக்கொள்வதால் ஏற்பாட்டாளர் தப்பிவிட முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய அலட்சியத்தால் நேர்ந்த பாதிப்புக்கு நியாயம் கேட்கும் உரிமை, ஒரு கையெழுத்தால் மட்டும் அழிந்துவிடாது. பணம் வாங்கிக்கொண்டு செய்வது சேவை. அதில் குறையிருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஆகவே ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். அனுமதிச் சீட்டின் நகல், பாதையின் பெயர், வழிகாட்டியின் விவரம் ஆகியவற்றைப் புறப்படுமுன் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். காட்ட மறுப்பவருடன் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.