பாதி ஓவியம் எண்ணூரில்... மீதி எங்கே?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்காத நாள் அரிது. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே 2001-ல் செயல்படத் தொடங்கிய காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளி. கார், நிலக்கரி, எந்திரங்கள், உரம் என்று உலகத்தோடு தமிழ்நாடு நடத்தும் கொடுக்கல் வாங்கலில் கணிசமான பங்கு இந்த வழியாகத்தான் போய் வருகிறது. சாலையின் ஒரு பக்கம் மீனவக் குப்பங்கள், மறுபக்கம் தொழிற்சாலைச் சுவர்கள், நடுநடுவே அரசுப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும். அங்கே படிக்கும் பிள்ளைகளின் கண்ணில் தினமும் கப்பல் படுகிறது. அந்தக் கப்பல் கிளம்பிய ஊரில் தன் வயதுப் பிள்ளை என்ன பாடுகிறது, என்ன வரைகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

நகரத்தின் பெரிய தனியார் பள்ளிகளுக்கு வெளிநாட்டுப் பள்ளிகளோடு இப்படிப் பரிமாற்றம் வைத்துக்கொள்வது புதிதில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலின் சர்வதேசப் பள்ளி விருதை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். 2008-ல் ஜெர்மானிய அரசு தொடங்கிய ‘பாஷ்’ பள்ளிகளின் வலைப்பின்னலில் இந்தியப் பள்ளிகளும் இருக்கின்றன. விடுமுறையில் இங்கிருந்து ஒரு குழு போகும், அங்கிருந்து ஒரு குழு வரும். பரதநாட்டியம் ஆடிக்காட்டுவார்கள், கோலம் போடக் கற்றுக்கொடுப்பார்கள். செலவு பெரும்பாலும் பெற்றோருடையது.

வட சென்னையின் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் அந்தச் செலவைச் செய்ய ஆளில்லை. ஆனாலும் இந்தப் பகுதியிலிருந்து பிள்ளைகள் உலகத்துக்குப் போயிருக்கிறார்கள். கோப்பையோடும் திரும்பியிருக்கிறார்கள்.

தண்டையார்பேட்டை டு டர்பன்

தண்டையார்பேட்டையில் 1995 முதல் இயங்கிவரும் அமைப்பு கருணாலயா. நிறுவியவர் பால் சுந்தர் சிங். தெருவில் வாழும் பிள்ளைகளுக்கும், பள்ளிக்குப் போகாமல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் தங்குமிடமும் படிப்பும் தருவது அதன் பணி.

2010-ல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மார்ச்சில், அதே நாட்டின் துறைமுக நகரமான டர்பனில் இன்னொரு உலகக் கோப்பை நடந்தது. தெருவோரப் பிள்ளைகளுக்கான முதல் உலகக் கோப்பை அது. எட்டு நாட்டு அணிகள் கலந்துகொண்டன. கருணாலயாவிலிருந்து போன பையன்கள் இந்தியாவுக்காக ஆடி, இறுதி ஆட்டத்தில் தான்சானியாவை வென்றார்கள். 2014-ல் ரியோ டி ஜெனிரோவுக்குப் பையன்கள் அணி போனது. 2018-ல் மாஸ்கோவுக்குப் பெண்கள் அணி போனது. 2019 மே மாதம் லண்டனில் முதல் தெருவோரப் பிள்ளைகள் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தபோது, ஆணும் பெண்ணும் கலந்த ‘தென்னிந்தியா’ அணியில் சென்னைப் பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தையே தோற்கடித்தார்கள்.

கோப்பையைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இந்தப் போட்டிகளை நடத்தும் ‘ஸ்ட்ரீட் சைல்ட் யுனைடெட்’ என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனம், ஆட்டத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு வேலைகள் செய்கிறது என்பது அவ்வளவாக வெளியே தெரியவில்லை. ஒன்று, கலை விழா. அங்கே ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் தங்கள் ஊர் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டுவருகிறார்கள், சேர்ந்து வரைகிறார்கள். இரண்டாவது, பிள்ளைகளே உட்கார்ந்து அரசாங்கங்களிடம் என்ன கேட்கப் போகிறோம் என்று முடிவுசெய்யும் மாநாடு. டர்பனில் அப்படி உருவான பிரகடனம் ஐக்கிய நாடுகள் அவை வரை போனது.

கலை விழா வேடிக்கைக்காகச் சேர்த்தது கிடையாது. தமிழும் போர்ச்சுகீசும் சுவாஹிலியும் பேசும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பொதுவாக இருப்பது தாளமும் நிறமும் மட்டும்தான். இன்னொன்றும் உண்டு. நேரில் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, நடித்துக் காட்டச் சொன்னால் காட்டிவிடும் என்பது பிள்ளைகளோடு வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். மாநாட்டில் பேசுவதற்கான தைரியம் கலை விழாவில்தான் பிறக்கிறது.

ஆள் இருக்கு, அத்தாட்சி இல்லை

இந்தப் பயணங்களில் கடினமான கட்டம் விமானத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பாஸ்போர்ட் வேண்டுமென்றால் பிறந்த தேதிக்கு ஆதாரம் வேண்டும், முகவரிக்கு ஆதாரம் வேண்டும். பிராட்வே நடைபாதையில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பத்துக்கு எந்தக் கதவு எண்ணைப் போடுவது? அந்த உலகக் கோப்பை இயக்கம் தூக்கிப்பிடிக்கும் முழக்கத்தைச் சென்னைத் தமிழில் சொன்னால் ‘நானும் ஒரு ஆளுதான்’ என்று வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் கொடு என்பதே அதன் பொருள்.

இனி இது இன்னும் இறுகும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பாஸ்போர்ட் வாங்கப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். இன்றைக்குப் பதிவு செய்யப்படாமல் விடப்படும் குழந்தை, பன்னிரண்டு வருடம் கழித்து பாஸ்போர்ட் கேட்கும் எந்தப் பரிமாற்றத் திட்டத்தின் வாசலையும் எளிதில் தொட முடியாது.

பிள்ளைகள் போக முடியாத இடத்தில் உலகத்தையே இங்கே கூட்டிவந்தால் என்ன? 2023 செப்டம்பரில் அதுதான் நடந்தது. ஆண்கள் உலகக் கோப்பை இந்தியாவில் தொடங்குவதற்குச் சற்று முன்பு, தெருவோரப் பிள்ளைகளின் இரண்டாவது கிரிக்கெட் உலகக் கோப்பை சென்னையில் நடந்தது. கருணாலயா உடன் நின்று நடத்தியது. ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று பல திசையிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். உகாண்டா கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. வழக்கமாக விருந்தாளியாகப் போகும் பிள்ளைகள் அந்த முறை விருந்து வைத்தவர்கள் ஆனார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் விளையாட்டு திறந்துவிட்ட கதவு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். வட சென்னைப் பிள்ளைக்கு விசா வாங்கித் தருவது பந்தும் ஸ்ட்ரைக்கரும் என்றாகிவிட்டது. கலை பின்னாலேயே தொற்றிக்கொண்டு போகிறது. கலையையே முன்னால் வைத்து ஒரு பரிமாற்றம் இங்கே சாத்தியமா?

ஒரே திரை, இரண்டு பள்ளி

விமானமே ஏறாமல் நடக்கும் பரிமாற்றங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் டெல்லியில் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி, அடுத்த வருடமே உலகப் போட்டியானது. நாடு நாடாகப் பிள்ளைகளின் படங்கள் தபாலில் வந்து இறங்கின. 1988-ல், பனிப்போர் முடியாத காலத்தில், நியூயார்க் மாநிலப் பள்ளிகள் பன்னிரண்டையும் மாஸ்கோ பள்ளிகள் பன்னிரண்டையும் கணினி வழியே இணைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஐ-எர்ன்’ என்ற உலகப் பள்ளிகளின் வலைப்பின்னல். இந்தியாவிலும் அதற்குக் கிளை இருக்கிறது.

அந்த வலைப்பின்னலோடு சேர்ந்து ‘ஜப்பான் ஆர்ட் மைல்’ என்ற அமைப்பு நடத்தும் திட்டம் எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. ஜப்பானியப் பள்ளி ஒன்றையும் வேறு நாட்டுப் பள்ளி ஒன்றையும் ஜோடி சேர்ப்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேன்வாஸ். 1.5 மீட்டர் உயரம், 3.6 மீட்டர் நீளம். முதலில் பிள்ளைகள் இணையத்தில் அறிமுகமாகிறார்கள். பிறகு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அவரவர் ஊரில் விசாரித்து, கண்டதைப் பகிர்கிறார்கள். எதை வரைவது என்று மாதக்கணக்கில் பேசி முடிவெடுக்கிறார்கள். ஒரு பள்ளி தன் பாதியை வரைந்து, சுருட்டி, அனுப்பிவைக்கும். மற்றப் பள்ளி மீதியை முடிக்கும்.

சூட்சுமம் அந்த நடுக்கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து வரும் கடல், இங்கே எந்தக் கடலாகத் தொடர வேண்டும்? அங்கே அஸ்தமிக்கும் சூரியன் இங்கே உதிக்கலாமா? அதை முடிவுசெய்ய வேண்டுமானால் எதிர்ப்பக்கத்துப் பிள்ளை என்ன நினைத்து வரைந்தது என்று கேட்டே ஆக வேண்டும். கண்காட்சியில் படத்தைத் தொங்கவிட்டுப் பரிசு வாங்கிப் போகும் போட்டியில் இந்தக் கட்டாயம் கிடையாது. செலவு என்று பார்த்தால் துணி, வண்ணம், தபால். ஒரு விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

எதை வரைவது?

எண்ணூர்ப் பள்ளியின் பாதியில் என்ன இருக்கும்? பொங்கல் பானையும் மயிலும் வரைந்து அனுப்பிவிடலாம். அதை எந்த ஊரிலிருந்தும் அனுப்பலாம்.

இந்தக் கரைக்கு என்றே சொந்தமான விஷயங்கள் ஏராளம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன். அதே ராயபுரத்தில் 1910-ல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயில். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலும், கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதியும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கூடவே கொண்டுவந்த அத்தோ. சாவு வீட்டில் பிறந்து, 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ வழியாகப் பெரிய மேடை ஏறிய கானா. கானாவை உலகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இந்தப் பகுதியைவிட்டால் வேறு வாத்தியார் யார்?

கூடவே கசப்பும் இருக்கிறது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தபோது, அதை வாளியால் அள்ளியவர்களை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ம் தேதி இரவு, உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கதை இவற்றையெல்லாம்விடப் பழையது.

இப்படிப்பட்ட பள்ளிக்கு டோக்கியோவின் வசதியான பள்ளியை ஜோடி சேர்த்தால் ஒரு பக்கம் பரிதாபமும் மறுபக்கம் ஏக்கமுமாக முடியும். என்னைக் கேட்டால் மினமாட்டாவைச் சேர்ப்பேன். தென்ஜப்பானில் குமமோட்டோ மாகாணத்தில் உள்ள மீனவ ஊர் அது. அங்கே ரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீனுக்குள் போய், மீனைத் தின்ற பூனைகளையும் மனிதர்களையும் முடக்கிப்போட்டது. 1956-ல்தான் அந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. அந்த ஊர் நடந்ததை மறைத்துவைக்கவில்லை. அருங்காட்சியகம் கட்டி, பாதிக்கப்பட்டவர்களே வந்து கதை சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. மாகாணத்தின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மினமாட்டாவுக்குப் போய் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள். எண்ணூர்ப் பிள்ளை கேட்பதற்கும் மினமாட்டாப் பிள்ளை சொல்வதற்கும் விஷயம் இருக்கிறது. ஆறுதல் சொல்ல யாரும் தேவைப்படாத ஜோடி அது.

கண்ணால் கண்டதைக் கலையாக்கும் பயிற்சியும் இங்கே தொடங்கிவிட்டது. ‘பாரி’ இதழுக்காக எண்ணூர் மீனவப் பெண்களையும் காசிமேட்டையும் படம் எடுத்த எம். பழனிக்குமார், வட சென்னை இளைஞர்களின் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லித்தந்திருக்கிறார். அவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சிக்கும் வந்தன. சினிமா காட்டும் கத்தியும் ரத்தமுமான வட சென்னைக்கு, அங்கேயே குடியிருப்பவர்கள் எழுதிய பதில் அது.

அனுப்பினால் போதுமா?

அரசுக்கும் இதில் ஆர்வம் இல்லாமல் இல்லை. 2022-ல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய கலைத் திருவிழா, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறையும் தெருக்கூத்தும் ஓவியமும் காட்ட மேடை கொடுத்திருக்கிறது. திறமை காட்டும் பிள்ளைகளை அரசு வெளிநாட்டுக்கும் அழைத்துப் போகிறது. அப்பா அம்மா பஸ் தாண்டாத வீட்டிலிருந்து ஒரு பிள்ளை விமானம் ஏறுவது சாதாரண விஷயமில்லை. ஆனால் அது பரிசுப் பயணம். போன ஊரின் பள்ளியோடு தொடர்பு வளர்வதற்கு அதில் இடம் குறைவு.

சென்னைக்கு ஏற்கெனவே சகோதர நகரங்கள் உண்டு. 1966 முதல் வோல்கோகிராட், 1984 முதல் டென்வர், 2008 முதல் சான் அன்டோனியோ. வோல்கோகிராட் நம் வட சென்னையைப் போலவே தொழிற்சாலைப் புகையில் வளர்ந்த ஆற்றுத் துறைமுகம். மேயர்கள் கையெழுத்துப் போட்ட இந்த உறவுகளை மாநகராட்சிப் பள்ளிகள் பயன்படுத்திக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. ஒரு தலைமையாசிரியர், ஓர் ஓவிய ஆசிரியர், இணையம் வரும் ஒரு வகுப்பறை இருந்தால் வரும் ஜூனிலேயே தொடங்கலாம். அதற்கு முன் அதே பள்ளி வளாகத்தில் பிறப்புச் சான்றிதழ் முகாம் ஒன்றை நடத்தினால், இன்னும் நல்லது.

பணக் கணக்குக்கு வருவோம். பத்துப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் உலகம் பார்ப்பது பத்துப் பேர். அதில் ஐந்து பேரை அனுப்பிவிட்டு, மிச்சப் பணத்தில் ஐந்து பேரை எண்ணூருக்கு வரவழைத்து, இரண்டு வாரம் வகுப்பில் உட்காரவைத்தால், பள்ளியே உலகம் பார்க்கும். வந்த பிள்ளைக்குக் கழிமுகத்தைக் காட்ட வேண்டும், கானாவுக்குத் தாளம் போடக் கற்றுத்தர வேண்டும், அத்தோ வாங்கித்தர வேண்டும், அந்தப் புகைபோக்கியிலிருந்து வருவது என்ன என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுப்பவர்கள் எண்ணூர்ப் பிள்ளைகளாக இருப்பார்கள். கலைத் திருவிழாவின் அடுத்த பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி போதும்.