களையெடுக்கும் கருவியின் கிளச் பிடியைக் கட்டி வைக்காதீர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மாசிப் பட்டத்து இறவைப் பருத்தியானாலும், மக்காச்சோளமானாலும், தென்னந்தோப்பானாலும், களையெடுக்க உரிய நேரத்தில் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. எனவே பவர் வீடர் எனப்படும் விசைக் களையெடுப்பானைச் சிறு விவசாயிகளும் சொந்தமாகவோ வாடகைக்கோ வாங்கிப் பயன்படுத்தி வருகிறார்கள். இதனால் நாளும் செலவும் மிச்சமாகின்றன. ஆனால் இக்கருவியில் உள்ள முக்கியமான பாதுகாப்பு அமைப்பைச் சிலர் தங்கள் கையாலேயே பயனற்றதாக்கிவிடுகிறார்கள்.

பெரும்பாலான களையெடுப்பான்களில் கைப்பிடியை ஒட்டி ஒரு கிளச் பிடி இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் சுழல் கத்திகள் சுற்றும். கையை எடுத்தால் நின்றுவிடும். மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்தால் கை கடுக்கிறது என்பதற்காக, அதைச் சைக்கிள் டியூப் துண்டாலோ சணல் கயிற்றாலோ கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் உள்ளது. இது உயிருக்கே உலை வைக்கும் பழக்கமாகும்.

கட்டினால் என்ன ஆகும்?

நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றும் கத்தித் தண்டு, ஒரு விநாடியில் இரண்டு முறை சுற்றுகிறது. ஒரு வளையத்தில் நான்கு கத்திகள் இருந்தால், கண் இமைத்து விழிப்பதற்குள் எட்டு வெட்டு விழுந்துவிடும். வரப்பில் கால் இடறி விழுந்தவர், எழுந்து வந்து என்ஜினை நிறுத்துவதற்கு அவகாசமே இல்லை.

பின்னோக்கி ஓட்டும்போது ஆபத்து இன்னும் அதிகம். கருவி ஆளை நோக்கி வருகிறது. ஆளோ பின்னால் இருப்பதைப் பார்க்காமல் நடக்கிறார். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்பது மெதுவாகத் தோன்றினாலும், விநாடிக்குச் சுமார் 55 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டடி தூரமாகும். முதுகு தென்னை மரத்தில் முட்டிவிட்டால் விலக வழியில்லை. அந்த நேரத்தில் கை தானாகவே பிடியை விட்டுவிடும். பிடி கட்டப்படாமல் இருந்தால் கத்தி நிற்கும். கட்டப்பட்டிருந்தால் காலைப் பதம் பார்க்கும்.

படகுகள் தரும் பாடம்

ஆள் விழுந்தால் இயந்திரம் தானே நிற்க வேண்டும் என்ற தத்துவம் களையெடுப்பானுக்கு மட்டும் உரியதல்ல. சிறு விசைப்படகுகளின் பெட்ரோல் என்ஜினில் உள்ள நிறுத்து விசையோடு ஒரு கயிறு இணைக்கப்பட்டிருக்கும். அதன் மறுமுனையைப் படகு ஓட்டுபவர் தம் காலிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் நீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு, விசையிலிருந்து கொக்கி கழன்று, பிளக்கில் தீப்பொறி உண்டாவது நின்று, என்ஜின் அணைந்துவிடும்.

2013-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ என்ற ஊருக்கு அருகே, படகில் சென்ற ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று நீரில் தூக்கி எறியப்பட்டது. ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து அவர்கள் மீதே மோதியதில், தந்தையும் எட்டு வயது மகளும் உயிரிழந்தனர். அப்படகில் நிறுத்துக் கயிறு இருந்தது. ஓட்டியவரின் உடலில் அது மாட்டப்படவில்லை. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான விசைப்படகுகளில் இவ்வமைப்பு பொருத்தப்பட்டிருந்தால், ஓட்டுபவர் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. நம் நாட்டிலும் கதிரடிக்கும் இயந்திரங்களில் கை சிக்கும் விபத்துகள் காரணமாக, ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் இயற்றப்பட்டது.

களையெடுப்பான் ஓட்டுபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளத் தேவையில்லை. கட்டினால் கருவி ஆளை இழுத்துச் செல்லவும் கூடும். இங்கே அவருடைய கையே அந்தக் கயிறு. பிடியைக் கட்டி வைப்பது, படகோட்டி தம் கயிற்றைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

கை ஏன் கடுக்கிறது?

பிடி கடினமாக இருப்பதற்குப் பெரும்பாலும் பராமரிப்புக் குறைவே காரணம். கிளச் கம்பியின் உறைக்குள் மண்ணும் துருவும் சேர்ந்தால் பிடி இறுகும். கம்பிக்கு எண்ணெய் விட வேண்டும். இழைகள் பிரிந்திருந்தால் புதியது மாற்ற வேண்டும். கைப்பிடியின் உயரத்தை ஓட்டுபவரின் இடுப்பளவுக்குச் சரிசெய்ய வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறி ஓட்டலாம். மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர்கள் ஓய்வெடுக்கத் தயங்குவது இயல்பே. எனினும் பத்து நிமிட வாடகையையும் ஒரு காலையும் நிறுத்துப் பார்த்தால் எது பெரிது என்பது விளங்கும்.

வேலைக்கு முன் சோதனை

1. கிளச் பிடியில் கயிறு, கம்பி, டியூப் எதுவும் கட்டப்படவில்லை என்பதைப் பார்க்கவும். வாடகைக் கருவியானால் இதை முதலில் பார்க்கவும்.

2. சமதரையில், அருகில் எவரும் இல்லாதபோது, குறைந்த வேகத்தில் பிடியை அழுத்தி விடவும். கத்தி உடனே நிற்க வேண்டும். தொடர்ந்து மெல்லச் சுற்றினால் கம்பி மிக இறுக்கமாக உள்ளது என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகே வயலில் இறக்கவும்.

3. நிறுத்து விசையை அழுத்தி என்ஜின் அணைகிறதா என்று பார்க்கவும். விசையின் ஒயர் அறுந்திருந்தால், சிலர் பெட்ரோல் குழாயை மூடி என்ஜினை நிறுத்துகிறார்கள். கார்புரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோல் தீரும்வரை என்ஜின் ஓடும் என்பதால், ஆபத்து நேரத்தில் இது உதவாது.

4. கத்தியின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

கத்தியில் கொடியோ சொட்டுநீர்க் குழாயோ சுற்றிக்கொண்டால், என்ஜினை நிறுத்தி, பிளக் மூடியைக் கழற்றிய பிறகே கையை வைக்க வேண்டும். வேட்டியை மடித்து இறுகக் கட்டுவதும், தோளில் துண்டு தொங்காமல் பார்ப்பதும், கெட்டியான காலணி அணிவதும் அவசியம். குழந்தைகளை வயலோரத்தில்கூட நிறுத்தக் கூடாது.

பவர் டில்லர் வைத்திருப்போர் கவனத்துக்கு

பல பவர் டில்லர்களில் கிளச் நெம்புகோல் தள்ளிய இடத்திலேயே நிற்கும். கையை எடுத்தாலும் கருவி ஓடும். டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. எரிபொருளைத் தடுத்துத்தான் நிறுத்த முடியும். ஆகவே நிறுத்தும் நெம்புகோல் எது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதை ஓட்டுபவரும் உடன் வேலை செய்பவரும் தெரிந்திருக்க வேண்டும். பின்னோக்கி எடுக்கும் முன் சுழல் கத்தியின் இணைப்பை விடுவிப்பது கட்டாயம்.

விபத்து நேர்ந்தால்

முதலில் என்ஜினை நிறுத்தவும். சிக்கிய காலை விடுவிக்க என்ஜினை மீண்டும் இயக்கக் கூடாது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து, 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். மண் பட்ட காயமாதலால் ரணஜன்னி தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்கவும்.

புதிதாகக் கருவி வாங்குவோர் விலையையும் குதிரைத்திறனையும் மட்டும் விசாரிக்காமல், கையை எடுத்தால் கத்தி நிற்கிறதா என்பதைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். மேல் விவரங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களை அணுகலாம். களை இன்று போனால் நாளை முளைக்கும். கால் போனால் முளைக்காது என்பதை உழவர் பெருமக்கள் நினைவில் கொள்ள வேண்டும்.