வாசலைத் தாண்டிய மறுநாள்

“உந்தப் பெட்டையள் எத்தினை தரம் வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டினம்? பிறகும் அந்தக் குசினிக்குள்ளதானே நிக்கினம்?”

பருத்தித்துறையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. கோபத்தில் கேட்டார். ஆனாலும் சீரியல் எழுதுகிறவர்கள் மேசையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி. தேத்தண்ணி இருக்கிறது, தட்டைவடையும் இருக்கிறது. ஆறுதலாகவே பதில் சொல்லலாம்.

மாமிக்குக் கை நழுவிப் போனது என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2022 பெப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் ‘எதிர்நீச்சல்’ ஆரம்பித்தபோது கதை ஒரு கைக்குள் அடங்கும். மதுரையில் ஆதி குணசேகரன் என்றொரு பணக்காரர், அவருக்குக் கீழே மூன்று தம்பிமார். படித்த பெண்களாகத் தேடிக் கட்டிக்கொண்டு வந்து, அவர்களை அடுப்படியில் நிறுத்துகிற வீடு அது. கடைசி மருமகளாக ஜனனி வருகிறாள். இப்படியொரு வீட்டைக் காட்டினால், மருமக்கள் ஒருத்திக்கொருத்தி குழிபறிப்பதுதான் சீரியல் வழமை. இயக்குநர் திருச்செல்வம் அந்த வழியில் போகவில்லை. மற்ற மருமக்களான ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி மூவரும் ஜனனியை முதலில் தள்ளி நின்று பார்த்தார்கள், பிறகு பயந்து பயந்து அவள் பக்கம் சாய்ந்தார்கள். வெங்காயம் உரித்தபடி, கூடத்தில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட காட்சிகளில்தான் அந்தத் தொடரின் உயிர் இருந்தது. அண்ணன் குணசேகரனுக்கு முன்னால் வாய் திறக்காத ஜனனியின் கணவன் சக்தி, மனைவிக்காக ஒரு வசனம் பேச எடுத்துக்கொண்ட காலம் நீண்டது. நீண்டதால்தான் அவன் பேசியபோது நாங்கள் நம்பினோம்.

மாரிமுத்து இறந்ததோடு எல்லாம் போய்விட்டது என்று இங்கே பலர் சொல்லுவார்கள். குணசேகரனாக நடித்த அவர் 2023 செப்டெம்பர் 8 அன்று, இதே தொடருக்குக் குரல் பதிவு செய்யும்போது நெஞ்சுவலி வந்து காலமானார். பெரிய இழப்பு. அந்தக் குரலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த நிலையும் வேறொருவருக்கு வராது. அவருடைய இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற இரண்டாம் பாகம் 2024 டிசெம்பரில் தொடங்கியபோது ஜனனியும் மாறினார், மதுமிதாவுக்குப் பதில் பார்வதி.

ஆனால் ஆள் மாறியதுதான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. வடமராட்சியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காத்தவராயன் கூத்தில் ஒரே இரவுக்குள் பால காத்தான், ஆதிகாத்தான், பின்காத்தான் என்று காத்தவராயனாக ஆட்கள் மாறி மாறி வருகிறார்கள். உயரம் வேறு, குரல் வேறு. கோயில் வெளியில் பாய் விரித்துக் குந்தியிருக்கிற சனம் யாராவது எழும்பிப் போகிறதா? இல்லை. ஆள் மாறும்போது காத்தானின் வயதும் கூடுகிறது, ஆரியமாலை மேல் கொண்ட ஆசையும் முற்றுகிறது, தாய் முத்துமாரியோடு உள்ள பிணக்கும் இறுகுகிறது. விடியும்போது கழுமரம் காத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்திருப்பதால், அவன் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் கனம் இருக்கிறது.

சீரியலுக்கு விடியல் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை நோய் அங்கேதான் இருக்கிறது.

நாள்தோறும் ஒளிபரப்பாகும் ஒரு தொடர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு வீட்டு செட், அதற்குள் ஒரு வில்லன், அவனுக்குப் பயப்படும் ஆட்கள். இந்த மூன்றும் இருந்தால் நாளைய காட்சியை இன்று எடுத்துவிடலாம். ஜனனி நிசமாகவே வெளியேறி, ஒரு வேலை தேடி, வாடகை வீட்டில் தன் பாட்டில் வாழத் தொடங்கினால் வீட்டு செட் வீணாகும், குணசேகரன் மிரட்ட ஆள் இருக்காது, கதை நின்றுவிடும். ஆகவே ரேணுகா நடனம் கற்பிக்கப் போகலாம், நந்தினி சமையல் ஓடர் எடுக்கலாம், இரவு எல்லோரும் அதே கூடத்துக்குத் திரும்பிவர வேண்டும். மனிசர் திருந்தினாலும் தலைநிமிர்ந்தாலும் தொழிலுக்கு நட்டம் என்ற நிலை இது. எழுதுகிறவருக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திறமையைக் காட்ட விடாத அமைப்பு என்பதே சரி.

இதற்குமேல் டி.ஆர்.பி. என்றொரு கணக்கு. இந்தியாவில் தெரிவுசெய்த வீடுகளில் கருவி வைத்து, யார் எதைப் பார்த்தார்கள் என்று வாரத்துக்கு வாரம் எண்ணுகிறார்கள். போன வாரம் எந்த ட்ராக்குக்கு எண்ணிக்கை ஏறியதோ, அந்த ட்ராக் நீளும். எங்கள் மாமியின் வீடு அந்தக் கணக்கில் இல்லை. யாழ்ப்பாணத்து வீடு ஒன்றுமே இல்லை. மாமி சலித்துப்போய் ரிவியை நிற்பாட்டினாலும் சென்னையில் ஒருவருக்கும் தெரியவராது. எங்கள் மாலைகளை வருடக்கணக்காக வாங்கிக்கொண்ட ஒரு கதையில் எங்கள் சொல்லுக்கு ஒரு துளி இடம் இல்லை என்பது எனக்கு மிகவும் நோகிறது.

இரண்டாம் பாகத்தில் ஈஸ்வரியின் மகன் தர்ஷனின் கல்யாணத்தை எடுங்கள். அவன் விரும்புவது பார்கவியை, வீட்டில் முடிச்சுப்போடப் பார்ப்பது அன்புக்கரசியோடு. நல்ல கரு. விருப்பமில்லாத வாழ்க்கை என்னவென்று ஈஸ்வரியை விட அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? அவள் மகனோடு அரை மணித்தியாலம் இருந்து, “உன்ரை அப்பாவோடை நான் இருந்த வருசங்கள்” என்று தொடங்கியிருந்தால், தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் புதிதாக ஒன்று பிறந்திருக்கும். கிடைத்தது மாதக்கணக்கான கடத்தலும் துரத்தலும் மண்டபத்து வாசலில் கூச்சலும். நான்கு பெண்களும் ஒருவரோடொருவர் பேசுவது குறைந்துபோய், குணசேகரனுக்கு எதிராக வசனம் பேசுவது கூடிப்போனது. எதிரியோடு பேசும்போது ஆள் மாறுவதில்லை. தன்னுடைய ஆளோடு பேசும்போதுதான் மாறுகிறது. முதற்பாகத்தின் குசினிக் காட்சிகள் ஏன் வேலை செய்தன என்பதற்கு வேறு விளக்கம் எனக்கு வேண்டியதில்லை.

இதைத் திருச்செல்வம் அறியாதவர் அல்ல. 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ அவருடையது, 1533 எபிசோடுகள். அதிலும் இழுவை இருந்தது. ஆனால் தேவயானி நடித்த அபி தொடக்கத்தில் இருந்த பெண்ணாக முடிவில் இல்லை. இயக்குநரே நடித்த தொல்காப்பியனுக்கும் அவளுக்கும் இடையில் இருந்த நட்பை, காதல் என்றோ கல்யாணம் என்றோ அவசரப்பட்டுப் பெயர் சூட்டாமல் அவர் வளரவிட்டார். மாமி இன்றைக்கும் ‘தொல்ஸ்’ என்று சொல்லும்போது சொந்தக்காரப் பெடியனைச் சொல்வதுபோலத்தான் சொல்லுவார்.

“அப்ப உதை எப்பிடித் திருத்துறது?” என்று மாமி கேட்டார்.

தொடங்கும்போதே முடியும் நாளை வைத்துக்கொள்ளலாம், மாமி. இருநூறு எபிசோடு என்று சொல்லிவிட்டு இறங்கினால், ஜனனி வாசலைத் தாண்டுவது நூறாவதில் வரலாம். மிச்சம் நூறும் அவள் வெளியே என்ன செய்தாள் என்பதற்கு. முதல் மாத வாடகை எங்கிருந்து வந்தது, சக்தி கூடப் போனானா, போனவன் அண்ணனின் தொலைபேசி அழைப்பு வந்தால் எடுத்தானா, நந்தினி தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கும்போது படிவத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினாள். குணசேகரன் தனக்குத் தானே சோறு போட்டுச் சாப்பிடும் ஒரு இரவையும் காட்டலாம். அந்த எபிசோடுக்கு நான் மாமி வீட்டுக்கே வந்திருந்து பார்ப்பேன்.