பெங்களூரின் பெயரில் வெந்த அவரை!

பொங்கல் நெருங்கினால் மார்க்கெட் முழுவதும் 'சொகடு' மணம்

மார்கழிக் குளிரில் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். சாக்குகளை விரித்து, பச்சை அவரைக்காயைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். காயைக் கிளறினால் விரல் பிசுபிசுக்கும். அந்த மணம் லேசில் கையைவிட்டுப் போகாது. கன்னடத்தில் அதற்குச் 'சொகடு' என்று பேர். முகர்ந்து பார்க்காமல் இந்த ஊர்த் தாய்மார்கள் காய் வாங்குவதில்லை.

கன்னடத்தில் இது 'அவரேகாயி'. தமிழ்நாட்டில் இதன் கொட்டையை மொச்சை என்கிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல், அல்சூரிலும் சீராம்புரத்திலும் ஒற்றை அறையில் பண்டிகையைக் கழிக்கும் தமிழர்களுக்கு, ஊரை நினைவூட்டும் பண்டம் இதுதான்.

கிழவி தந்த கொட்டை

இந்த ஊரின் பெயரோடும் அவரைக்கு ஒரு கதை உண்டு. ஹொய்சள அரசர் வீர வல்லாளர் வேட்டைக்குப் போன இடத்தில் வழி தவறிப் பசியால் வாடினாராம். காட்டுக் குடிசையில் இருந்த கிழவி ஒருத்தி, தன்னிடம் இருந்த வெந்த கொட்டையைக் கொடுத்துப் பசியாற்றினாளாம். அதனால் அந்த இடத்துக்கு 'பெந்த காளூரு' என்று பேர் வந்து, பிறகு பெங்களூரு ஆயிற்று என்பார்கள். 'பெந்த' என்றால் வெந்த. 'காளு' என்றால் கொட்டை. 'ஊரு' என்றால் ஊர். தமிழனுக்கு அகராதி தேவையில்லை.

ஆனால் சரித்திரம் இந்தக் கதைக்குக் கைகொடுக்கவில்லை. நகரத்தின் தென்பகுதியில் உள்ள பேகூர் நாகேசுவரர் கோயிலில் ஒரு வீரக்கல் இருக்கிறது. கங்கர் காலத்தது, சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்தது. 'பெங்களூர்ப் போர்' என்று அதிலேயே பொறித்திருக்கிறது. கதையில் வரும் வல்லாளர் ஆண்டதோ 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அவர் பிறப்பதற்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது!

கதை பொய்யாகலாம். கிழவியின் கொட்டை மட்டும் இன்றும் ஏழை வீட்டு அடுப்பில் வேகிறது.

பிதுக்கினால் பருப்பு

இங்கே இதில் பேர் பெற்ற பண்டம் 'ஹிதுகித பேளே'. கொட்டையை இரவு ஊற வைத்து, காலையில் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு துள்ளி விழும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் இதையே 'பிதுக்கம் பருப்பு' என்கிறார்கள். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு; பல், ஹல்லு. அதுபோலவே பிதுக்குவது அங்கே 'ஹிதுகு' ஆகிறது. பண்டமும் ஒன்று, பேரும் ஒன்று!

செய்முறை கடினமல்ல. காயோடு இரண்டு கிலோ வாங்கினால் கொட்டை ஒரு கிலோகூடத் தேறாது. உரிக்கும்போது பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிதுக்கிய பருப்பு இரண்டு டம்ளருக்கு, அரை மூடித் தேங்காய், பச்சை மிளகாய் ஐந்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், சிறு துண்டு இஞ்சி, பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு பிடி கொத்தமல்லி எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கவும். பருப்பை மஞ்சள் தூள் போட்டு வேக வைத்து, முக்கால் பதத்தில் அரைத்ததையும் உப்பையும் சேர்த்து, தட்டுப் போட்டு மூடி, சிறு தீயில் விடவும். குழம்பு கெட்டியானதும் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இறக்கவும். சோற்றுக்கும் ஆகும், கேழ்வரகுக் களிக்கும் ஆகும், சப்பாத்திக்கும் ஆகும்.

பிதுக்க நேரமில்லாத பிரம்மச்சாரிகள் முழுக் கொட்டையை வேக வைத்து, காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய் தூவினால் போதும். சீசன் முடிந்து காய்ந்த மொச்சை வாங்கினால், இரவு முழுவதும் ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் நன்றாக வேகவிட வேண்டும். புளியோ தக்காளியோ சேர்ப்பதானால் கொட்டை வெந்த பிறகே சேர்க்கவும். முன்னால் போட்டால் எவ்வளவு எரித்தாலும் கொட்டை மசியாது.

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்திலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பீன்ஸ் கொட்டையை மண் பானையில் போட்டு மணிக்கணக்கில் சிறு சூட்டில் வாட்டி, சனிக்கிழமை இரவில் உண்பார்கள். குளிருக்குக் கொட்டை என்பது எல்லா ஊர் ஏழைக்கும் தெரிந்த கணக்கு.

மணம் போய்விடுமா?

நாட்டு அவரை பகல் குறுகும் பனிக்காலத்தில்தான் பூக்கும். மாகடி அவரைக்குத் தனி மவுசு. பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகமோ எல்லாப் பருவத்திலும் காய்க்கும் 'ஹெப்பாள் அவரை' ரகங்களைக் கண்டுபிடித்தது. குடியானவர்களுக்கு அதனால் ஆதாயம். 'சொகடு மட்டும் பழைய காய்க்கு ஈடாகாது' என்பது சாப்பிடுகிறவர்களின் குறை.

வி.வி.புரத்தில் ஆண்டுதோறும் நடந்துவந்த அவரை மேளா, கூட்டம் தாங்காமல் பிற்பாடு நேஷனல் கல்லூரி மைதானத்துக்கு மாறியது. அவரைக்காய் தோசை முதல் ஜிலேபி வரை அங்கே கிடைக்கும்.

அங்கே போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மாலையில் வேலை விட்டு வரும்போது ஒரு கிலோ காய் வாங்கி, அறைத் தோழர்களோடு உட்கார்ந்து உரித்தால் பேச்சோடு பேச்சாக வேலை முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள். கிண்ணம் வெறுமனே திரும்பி வராது!