வலைக்குள் வீடு – 9: இறங்குது, ஏற மாட்டேங்குது

யூடியூபில் 4கே படம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அதே வீட்டில் மகள் ப்ராஜெக்ட் வீடியோவை டிரைவில் ஏற்ற உட்கார்ந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "ஸ்பீடு டெஸ்ட் எடுங்க சார், நூறு வருதா?" என்கிறார்கள். வருகிறது. "அப்ப லைன் ஓகேதான் சார்." புகாரை முடித்துவிட்டதாக ஒரு குறுஞ்செய்தியும் வந்துவிடும். வந்த நூறு டவுன்லோடு. நாம் புகார் சொன்னது அப்லோடைப் பற்றி.

இது கஸ்டமர் கேரில் இருப்பவர்களின் அலட்சியம் மட்டுமில்லை. 2023-இல் நம் நாட்டில் 'பிராட்பேண்ட்' என்பதற்கான வரையறையைத் திருத்தி, 512 கேபிபிஎஸ் என்றிருந்ததை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். அது டவுன்லோடுக்கான குறைந்தபட்ச அளவு. அப்லோடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் பேச்சே இல்லை. அமெரிக்காவில் 2024-இல் திருத்தியபோது டவுன்லோடு 100, அப்லோடு 20 என்று இரண்டுக்கும் எண் வைத்தார்கள். இருபது பெரிய வேகமொன்றும் இல்லை. ஆனாலும் சண்டை போட ஓர் எண்ணாவது இருக்கிறது.

ஆகவே உங்கள் பிளானில் அப்லோடு எவ்வளவு என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபைபர் என்றாலே இரண்டும் சமம் என்றில்லை. பல பிளான்களில் சமம், எல்லாவற்றிலும் இல்லை. மாதக் கடைசியில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் எஃப்யூபி என்ற டேட்டா வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். பிளானில் போட்டிருப்பது மெகாபிட், கம்ப்யூட்டர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 2 ஜிபி வீடியோ ஏற 27 நிமிடம் பிடிப்பது கோளாறில் சேராது.

கணக்கு சரியாக இருந்தும் ஏறவில்லையா? லைன்மேனைக் கூப்பிடுவதற்கு முன், ஒரு லேன் கேபிளால் லேப்டாப்பை நேராக ரூட்டரில் செருகி அளந்து பாருங்கள். வைஃபையில் மட்டும் அப்லோடு குறைகிறது என்றால் தெருவில் இருக்கும் ஃபைபர்மீது பழி இல்லை. டவுன்லோடில் பலமாக ஒலிபரப்புவது ரூட்டர். அது கரண்டில் ஓடுவது. அப்லோடில் ஒலிபரப்ப வேண்டியது போன். சின்ன ஆன்டெனா, பேட்டரியை மிச்சம் பிடிக்கிற பிழைப்பு. இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் ரூட்டர் அனுப்புவது போனுக்கு வந்து சேரும். போன் அனுப்புவது ரூட்டருக்குத் தட்டுத்தடுமாறித்தான் போகும். போனில் தெரியும் சிக்னல் கோடுகள் வருவதை மட்டுமே காட்டுகின்றன. போவதைக் காட்ட அங்கே கோடு கிடையாது.

லேன் கேபிளிலும் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே எட்டுக் கம்பிகள். கிரிம்ப் செய்யும்போது ஒன்றிரண்டு சரியாகப் பிடிக்காவிட்டால் நான்கில் ஓடும். 200 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியும் நூறுக்கு மேல் ஏறாது. இது டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் அடிக்கும் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம்.

அடுத்து, உங்களுக்கு முன்னால் யார் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கிளவுடில் பதிவாகும் சிசிடிவி கேமரா ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும், நான்கு கேமராவுக்கு எட்டு. 10 எம்பிபிஎஸ் அப்லோடு பிளானில் மிச்சம் என்ன இருக்கும்? கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த இரவு, வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றும். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் திணறும். வந்த தகவலுக்கு 'வந்தது' என்று பதில் அனுப்பவும் அதே பாதைதானே. ரூட்டருக்குள் பாக்கெட்டுகள் குவிந்து கிடக்கும் இந்த நோய்க்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். தன் வீட்டு இணைப்பில் இதைக் கவனித்து, 2010 வாக்கில் ஊருக்கெல்லாம் சொன்னவர் ஜிம் கெட்டிஸ். ரூட்டரில் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால், நிஜ வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வைத்துப் பாருங்கள். ஜூம் மீட்டிங்கில் வித்தியாசம் உடனே தெரியும்.

இனி தெருவுக்கு வருவோம். வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒற்றை இழை. ஜிபான் முறையில் 1490 நானோமீட்டர் ஒளியில் தகவல் இறங்கும், 1310-இல் ஏறும். ஒரு போர்ட்டுக்கு மொத்தம் இறங்க 2.5 ஜிபிபிஎஸ், ஏற அதில் பாதி. அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரிக்கிறார்கள். இறங்கும்போது சிக்கல் இல்லை. எல்லார் தகவலும் எல்லா வீட்டுக்கும் வரும், அவரவர் பெட்டி தன்னுடையதை எடுத்துக்கொள்ளும். ஏறும்போது அத்தனை வீட்டு லேசரும் ஒரே நேரத்தில் எரிந்தால் குழம்பிவிடும். ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் வாங்காமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாத பழைய ரயில்வே ஏற்பாடுதான் இங்கும். ஆபரேட்டர் ஆபீஸிலுள்ள ஓஎல்டி என்ற கருவி நேரம் ஒதுக்கும். அதற்குள் உங்கள் வீட்டுப் பெட்டியான ஓஎன்டி லேசரை எரித்து அணைக்க வேண்டும். எங்காவது ஒரு பெட்டி கெட்டுப்போய், முறை பார்க்காமல் எரிந்துகொண்டே இருந்தால், அதே ஸ்ப்ளிட்டரில் இருக்கும் எல்லார் அப்லோடும் நாசம். பக்கத்து வீட்டிலும் இதே புலம்பல் கேட்டால் இந்தச் சந்தேகத்தை ஆபரேட்டரிடம் சொல்லி வையுங்கள்.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவருக்கு நடந்தது வேறு. ஆல்பம் கோப்புகளை லேப்புக்கு அனுப்ப வேண்டியவர். டவுன்லோடு முழுசாக வருகிறது, அப்லோடு இரண்டைத் தாண்டவில்லை. லைன் பார்க்க வந்த தம்பி ஃபைபரைக் கழற்றி பவர் மீட்டரில் செருகினார். மைனஸ் 21. "பவர் சூப்பரா இருக்குண்ணே." ஓஎன்டிக்கு மைனஸ் 27 வரை தாங்கும் என்பதால் அவர் சொன்னது சரிதான். பச்சை கனெக்டரைத் துடைத்துப் போட்டார், ஒன்றும் மாறவில்லை. கிளம்பப் போனவரிடம், "ஆபீஸுக்குப் போன் போட்டு, நம்ம பவர் அங்கிட்டு எவ்வளவு வருதுன்னு கேளுங்க தம்பி" என்றேன். விநோதமாகப் பார்த்தார். கேட்டார். பதில்: மைனஸ் 30.

மீட்டர் காட்டியதும், ரூட்டர் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று வருவதும், இறங்கி வரும் ஒளியின் அளவு. ஏறிப்போகும் ஒளி எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது ஓஎல்டிக்குத்தான் தெரியும். இந்த மைனஸ் எண்கள் டெசிபல் கணக்கு. 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 28-ஐத் தாண்டினால் பல ஓஎல்டிகளுக்குப் படிப்பதே சிரமம். ஒரே இழையில் இறங்குவது நன்றாக வந்து ஏறுவது மட்டும் இவ்வளவு தேய்ந்தால், இழையைவிட லேசர்மீதுதான் சந்தேகம் வர வேண்டும். ஸ்டூடியோவில் ஓஎன்டி செட்டாப் பாக்ஸின்மேல், காற்று போகாத ஷெல்ஃபில் கிடந்தது, தொட்டால் சுட்டது. தம்பி வண்டியிலிருந்து வேறு பெட்டி எடுத்து வந்து, அடியில் ஒட்டியிருந்த எண்ணை வாட்ஸ்அப்பில் ஆபீஸுக்கு அனுப்பினார். பதிவு ஏறிப் பச்சை விளக்கு நின்றதும் அளந்தார்கள்: அப்லோடு 96.

எனவே புகார் கொடுக்கும்போது 'நெட் ஸ்லோ' என்று சொல்லாதீர்கள். லேன் கேபிளில் அளந்தது, இறங்குவது இவ்வளவு, ஏறுவது இவ்வளவு, மற்ற கருவிகளை நிறுத்திவிட்டுப் பார்த்தது என்று எழுதுங்கள். "ஓஎல்டி பக்கம் என் ஓஎன்டியின் பவர் எவ்வளவு?" என்று ஒரு வரி சேருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு வேகமும் சேர்ந்து விழுகிறது என்றால் அது வேறு வழக்கு. ஆபரேட்டர் வாங்கியிருக்கும் கொள்ளளவு போதவில்லை.

இவை எதிலும் அடங்காத வகை ஒன்று உண்டு. ஸ்பீடு டெஸ்டில் அப்லோடு முழுசாக வரும், மெயிலும் போகும். அட்டாச்மென்ட் வைத்தால் மட்டும் அப்படியே தொங்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ லைன்களில் இது அதிகம். அதற்கு எம்டியூ என்ற எண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)