ஆற்றோரம் ஒதுங்கிய மூக்குக் குரங்குகள்!

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடுகிறது கினபாத்தாங்கான் ஆறு. நீளம் 560 கி.மீ. கரையோர கிராமமான சுக்காவிலிருந்து மாலை நான்கு மணிவாக்கில் சுற்றுலாப் படகுகள் கிளம்பும்.

அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. போர்னியோவுக்கே உரிய நீள மூக்குக் குரங்குகள், இரவு தூங்க ஆற்றோர மரங்களுக்குத் திரும்பும் வேளை அது. ஆண் குரங்கின் மூக்கு வாயையே மறைக்கும்; வயிறோ பானை மாதிரி! வழிகாட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு, அசையும் கிளையைக் காட்டுவார். இருவாச்சிகளும் முதலைகளும் தென்படும். அதிர்ஷ்டமிருந்தால் ஒராங்குட்டான், குள்ள யானைக் கூட்டம்கூடக் கண்ணில் படும்.

படகில் இருந்தபடியே இத்தனையும் பார்க்க முடிவதன் பின்னணி சோகமானது. சுற்றியிருந்த காட்டின் பெரும்பகுதி எண்ணெய்ப் பனைத் தோட்டமாகிவிட்டது. மிச்சமிருக்கும் கரையோரக் காட்டில்தான் விலங்குகள் நெருக்கியடித்து வாழ்கின்றன. 2005-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனாலும் காடு துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. ஓடைகளைத் தாண்ட ஒராங்குட்டான்களுக்குக் கயிற்றுப் பாலம் கட்டித்தர வேண்டியிருக்கிறது.

வழிகாட்டிகளில் பலர் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். காடு நின்றால்தான் குரங்குக்கு வீடு, இவர்களுக்கும் சோறு.

போகிறவர்கள் பைனாகுலரும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குக்குத் தின்பண்டம் மட்டும் வேண்டாம்!