எதைத் தாண்டிப் போவது?
இன்னும் செய்யப்படாத ஒரு பிராசசரின் வேகத்தை அறிய, அதை மென்பொருளாக எழுதி ஓட்டிப் பார்ப்பார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு ஆகும் நேரத்தை இந்த வாரம் கணக்குப் போடலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸ் ஆகிய இரண்டும் சேர்ந்து உருவான ஜெம்5 சிமுலேட்டர்தான் கணினிக் கட்டமைப்பு ஆய்வுகளில் இன்று பரவலாகப் புழங்குகிறது. பைப்லைனின் ஒவ்வொரு படியையும் கிளாக் துடிப்புக்குத் துடிப்பு பின்தொடரும்படி அதை ஓட்டினால், நொடிக்கு ஒன்றிரண்டு லட்சம் கட்டளைகளைக் கடப்பதே பெரும்பாடு. அசல் சிப் 3 கிகாஹெர்ட்ஸில், துடிப்புக்கு ஒரே கட்டளை வீதம் போனால்கூட நொடிக்கு 300 கோடி. தாராளமாக 2 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், சிப்பின் ஒரு நொடி நமக்கு 15,000 நொடி. நான்கு மணி நேரத்துக்கும் மேல். பத்து நிமிடம் ஓடும் நிரலுக்கு நூறு நாள் தாண்டிவிடும். கேச் அளவை மாற்றி இன்னொரு தரம் பார்க்க வேண்டுமா, இன்னொரு நூறு நாள். முழு அமைப்பையும் ஓட்டுவதென்றால் நிரலுக்கு முன்னால் லினக்ஸ் வேறு பூட் ஆக வேண்டும்.

சிமுலேட்டரையே வேகமாக எழுதினால் என்ன, வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி உடனே எழும். செய்து பார்க்காமல் இல்லை. ஆனால் இந்தத் துடிப்பில் நடப்பது முந்தைய துடிப்பில் நடந்ததைப் பொறுத்தது. சிப்பின் கோர்கள் நினைவகத்தைப் பங்குபோட்டுக்கொள்வதால் அவற்றை ஓட்டும் இழைகள் அடிக்கடி ஒன்றுக்கொன்று காத்து நிற்க வேண்டும். பிரித்ததில் கிடைத்த லாபத்தில் பாதி அந்தக் காத்திருப்பிலேயே போய்விடும். அரும்பாடுபட்டுப் பத்து மடங்கு வேகம் பிடித்தாலும் நூறு நாள் பத்து நாளாகும், அவ்வளவுதான். ஆயிரம் மடங்கு வேண்டுமென்றால், எதை நுணுக்கமாக ஓட்டாமல் விடலாம் என்றுதான் கேட்டாக வேண்டும். 1990-களிலேயே ஸ்டான்ஃபோர்டின் சிம்ஓஎஸ் சிமுலேட்டர் இதைப் புரிந்துகொண்டிருந்தது. அக்கறையில்லாத பகுதியை வேகமாக ஓட்டிக் கடந்து, வேண்டிய இடம் வந்ததும் நுணுக்க முறைக்கு மாறிக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மெண்டல் ரோசன்பிளம்தான் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளைச் செய்யும் விஎம்வேர் நிறுவனத்தை 1998-இல் தொடங்கியவர்களிலும் ஒருவர் என்பது தற்செயல் அல்ல.

அப்படியானால் எந்தப் பகுதியை நுணுக்கமாக ஓட்டுவது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் செல்லும். நிரல்கள் அப்படி வேகிறவை அல்ல. தொடக்கத்தில் கோப்பைப் படிக்கும், நடுவில் அணிகளைப் பெருக்கும், முடிவில் எதையாவது வரிசைப்படுத்தும். எந்தப் பகுதியை எடுப்பது என்பதற்கு இரண்டு விடைகள் அடுத்தடுத்து வந்தன. 2002-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தார் சிம்பாயிண்ட் முறையைக் கொடுத்தார்கள். நிரலின் எந்தத் துண்டு எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, ஒத்த நடத்தையுள்ள பகுதிகளைக் கூட்டாகச் சேர்த்து, கூட்டுக்கு ஒரு பிரதிநிதியை மட்டும் ஓட்டுவது. மறு ஆண்டே கார்னெகி மெலன் குழுவின் ஸ்மார்ட்ஸ் வந்தது. நிரலின் வகைப்பாட்டைப் பற்றிக் கவலையே படாமல், சீரான இடைவெளியில் ஆயிரம் ஆயிரம் கட்டளைகளாகப் பல்லாயிரம் மாதிரிகளை எடுத்து, புள்ளியியல் முறைப்படி பிழை வரம்போடு விடை சொல்வது. சராசரிப் பிழை 0.64 சதவீதம்தான். என் ஓட்டு ஸ்மார்ட்ஸுக்கே. சிம்பாயிண்டில் விடை வரும். அது எவ்வளவு தவறக்கூடும் என்பது அதோடு சேர்ந்து வருவதில்லை.

ஆனால் மாதிரிச் சோறும் அந்தப் பானையிலேயே வெந்ததாக இருக்க வேண்டுமே! ஆயிரம் கட்டளைகளை வெற்றுக் கேச்சோடு தொடங்கினால், நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் முதன்முறை தொடும்போது தரவு கேச்சில் இல்லாமல் தவறும். சிப் அநியாயத்துக்கு மெதுவானதாகத் தெரியும். அதனால் ஸ்மார்ட்ஸ், மாதிரிகளுக்கு இடைப்பட்ட தூரத்திலும் கேச்சையும் பிராஞ்ச் பிரிடிக்டரையும் மட்டும் புதுப்பித்துக்கொண்டே போகிறது. மொத்த நேரத்தையும் கிட்டத்தட்ட இந்த வார்ம்-அப்பே விழுங்கிவிடுகிறது. சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2015-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். இடைப்பட்ட தூரத்தைச் சிமுலேட்டரில் ஓட்டாமல் லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் மூலம் அசல் பிராசசரிலேயே ஓட்டுவது. மாதிரி எடுக்கும் இடத்தில் ஃபோர்க் செய்து பிரதியை வேறு கோரில் விட்டுவிட்டு, மூல ஓட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது. கேச் சரியாகச் சூடேறியதா என்ற சந்தேகத்துக்கும் பதில் வைத்திருந்தார்கள். ஒரே மாதிரியை இரண்டு தரம் ஓட்டி, கேச் சூடேறாததால் வந்தவையா என்று தெரியாத தவறல்களை ஒரு தரம் கிடைத்ததாகவும் மறு தரம் கிடைக்காததாகவும் வைத்துக்கொண்டால், இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளியே வார்ம்-அப் பிழையின் அளவைச் சொல்லிவிடும். ஆய்வு செய்யும் சிப்பும் அதை ஓட்டும் கணினியும் ஒரே கட்டளைத் தொகுதியைக் கொண்டிருந்தால்தான் இது நடக்கும் என்பது உண்மையான குறை.

வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய சிப்பான எஃப்பிஜிஏவில் வன்பொருளாகவே அமைத்துவிட்டால் இந்த வம்பெல்லாம் வேண்டாமே என்பார்கள். பெர்க்லியின் ஃபயர்சிம் 2018-இல் அமேசானின் மேகக் கணினிகளில், நான்கு கோர் கொண்ட 1,024 சர்வர்களை 3.4 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியது. பிரமிக்க வைக்கும் வேலை. ஆனால் அதற்கு வடிவமைப்பு ஆர்டிஎல் எனும் வன்பொருள் விவரிப்பு அளவில் எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். சிமுலேட்டர் அதிகம் தேவைப்படுவதோ அதற்கு முந்தைய கட்டத்தில், பத்து யோசனைகளில் எதை எழுதுவது என்று தெரியாதபோது.

மாதிரி எடுப்பதற்கு இன்னும் கனமான ஆட்சேபம் பல இழைகளில் ஓடும் நிரல்களிலிருந்து வருகிறது. பூட்டு திறக்கக் காத்திருக்கும் இழை, அதே இரண்டு மூன்று கட்டளைகளை லட்சக்கணக்கான முறை சுற்றிக்கொண்டிருக்கும். வேலை ஒன்றும் நகராது. அங்கே கட்டளைகளை எண்ணி மாதிரி எடுத்தால் சும்மா சுற்றுவதும் உழைப்பாகக் கணக்கில் ஏறும். எண்ண வேண்டியது முடிந்த பரிவர்த்தனைகளை. அது மட்டுமல்ல, விஸ்கான்சினைச் சேர்ந்த அலமெல்தீனும் வுட்டும் 2003-இல் காட்டியபடி, நினைவக நேரத்தைத் துளி மாற்றினாலே பூட்டு வேறொரு இழைக்குப் போய், இயங்குதளம் வேறு வரிசையில் வேலை கொடுத்து, முடிவே மாறிவிடக்கூடும். ஆகவே நூறு நாள் நுணுக்கமாக ஓட்டிய ஒற்றை ஓட்டமும் ஒரு மாதிரிதான், அதுவும் பிழை வரம்பில்லாத மாதிரி. அவர்கள் சொன்ன மருந்து, ஒரே சோதனையைச் சிறுசிறு தற்செயல் மாற்றங்களோடு பல தரம் ஓட்டி, விடைகளின் பரவலையும் சேர்த்துச் சொல்வது. மிச்சம் பிடித்த நேரத்தில் கணிசமான பங்கு இதற்கே போய்விடுகிறது.